47 சதவீதம்: உள்ள வந்தவங்க எத்தனை பேர், முடிச்சவங்க எத்தனை பேர்?

வருஷா வருஷம் ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்தும்: "உயர்கல்வியில் தமிழ்நாடு நம்பர் 1." கூடவே ஒரு சதவீதமும் வரும். மத்திய கல்வி அமைச்சகத்தோட 2021-22 அறிக்கைப்படி தமிழ்நாட்டுக்கு 47.0, இந்தியாவுக்கு மொத்தமா 28.4. சண்டிகர், புதுச்சேரி, டெல்லி மாதிரி யூனியன் பிரதேசங்களை விட்டுட்டுப் பார்த்தா, மாநிலங்களில் நாமதான் முதலிடம்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்ல. ஆனா இந்த 47 எதோட சதவீதம்னு கேட்டா, பெரும்பாலானவங்க சொல்ற பதில் "நூறு பேர்ல 47 பேர் காலேஜ் போறாங்க" என்பதுதான். அது சரியில்ல. அதுவும் இல்லாம, காலேஜ்ல சேராதவங்க எங்க நின்னாங்க, சேர்ந்தவங்க எந்த வழியா வந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க என்கிற எதையும் இந்த எண் சொல்றதில்ல. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடறதுக்குன்னே ஒரு ஆராய்ச்சித் துறை இருக்கு. உயர்கல்விக்கான வாய்ப்பு, சேர்க்கை, மாணவர்களோட பாதை என்று மூன்றையும் சேர்த்துப் படிக்கிற துறை அது. அதுல இருந்து நமக்கு நேரடியா சம்பந்தப்பட்ட சில விஷயங்களைப் பார்க்கலாம்.

ஜி.இ.ஆர். என்றால் என்ன?

அந்த 47-க்குப் பெயர் மொத்தச் சேர்க்கை விகிதம். சுருக்கமா ஜி.இ.ஆர். இதைக் கணக்கிடுறது ஆய்ஷே என்று சொல்லப்படுற அகில இந்திய உயர்கல்வி ஆய்வு. 2010-11 கல்வியாண்டுல இருந்து நடக்குது. ஃபார்முலா ரொம்ப சிம்பிள். மேல, அந்த வருஷம் உயர்கல்வியில் இருக்கிற எல்லா மாணவர்களும், எந்த வயசா இருந்தாலும் சரி. கீழ, 18 முதல் 23 வயசு வரை உள்ள மக்கள்தொகை. வகுத்து 100-ஆல பெருக்கினா ஜி.இ.ஆர்.

மேல இருக்கிற எண்ணை மறுபடி கவனிங்க. பத்தாவது முடிச்சுட்டு பாலிடெக்னிக் சேர்ந்த 16 வயசுப் பையனும் அதுல உண்டு. 30 வயசுல பி.எச்.டி. பண்றவரும் உண்டு. கல்லூரி எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலக் கணக்குல மாணவர் சேருவார். அதனால பீகாரில் இருந்து வந்து இங்க படிக்கிறவர் தமிழ்நாட்டுக் கணக்கில் வருவார். இங்க இருந்து பெங்களூரு போனவர் கர்நாடகக் கணக்கில் வருவார்.

கீழ இருக்கிற எண் இன்னும் சுவாரஸ்யம். கடைசியா சென்சஸ் எடுத்தது 2011-ல. அதுக்கு அப்புறம் எல்லாமே மதிப்பீடுதான். 2019-20 வரை ஆய்ஷே 2001 சென்சஸை வச்சுப் போட்ட மதிப்பீட்டைப் பயன்படுத்தியது. 2020-21-ல இருந்து 2011 சென்சஸ் அடிப்படைக்கு மாறியது. விளைவு என்ன தெரியுமா? 2019-20-க்கு முதலில் வெளியான இந்திய ஜி.இ.ஆர். 27.1. அதே வருஷத்துக்குப் புதிய முறையில் போட்டா 25.6. ஒரு மாணவர்கூடக் குறையல, வகுக்கிற எண் மட்டும்தான் மாறுச்சு. தமிழ்நாட்டுக்கு 2019-20-ல 51.4 என்று இருந்தது, அடுத்த வருஷம் 46.9 ஆச்சு. இதைப் பார்த்து "கொரோனாவால சேர்க்கை சரிஞ்சுடுச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு வருஷத்தையும் நேரடியா ஒப்பிடவே முடியாது. நாடு முழுக்க பார்த்தா அந்த வருஷம் மாணவர் எண்ணிக்கை 3.85 கோடியிலிருந்து 4.14 கோடியாக ஏறித்தான் இருக்கு.

டேங்க் கணக்கு

இப்ப முக்கியமான பாயின்ட்டுக்கு வரலாம். ஜி.இ.ஆர். என்பது தண்ணித் தொட்டியோட லெவல் மாதிரி. உள்ள எவ்வளவு வருது, வெளிய எவ்வளவு போகுது, எங்க ஒழுகுது என்று லெவலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கலாம். 18-ல இருந்து 23 வரை ஒவ்வொரு வயசுலயும் 100 பேர். ஆக மொத்தம் 600 பேர்.

முதல் நிலை: ஒவ்வொரு வருஷமும் 50 பேர் மூணு வருஷ டிகிரி சேருறாங்க, எல்லாரும் முடிக்கிறாங்க. எந்த நேரத்துல எண்ணினாலும் காலேஜ்ல 150 பேர். ஜி.இ.ஆர். 25. பாதிப் பேர் காலேஜ் போற ஊருக்கு 25 தான் வருது, பாருங்க.

இரண்டாம் நிலை: அதே 50 பேர் நாலு வருஷ பி.இ. சேருறாங்க, எல்லாரும் முடிக்கிறாங்க. உள்ளே 200 பேர். ஜி.இ.ஆர். 33.3. புதுசா ஒருத்தர்கூட காலேஜ் போகல, ஆனா எண் ஏறிடுச்சு.

மூன்றாம் நிலை: 65 பேர் பி.இ. சேருறாங்க. இரண்டாம் வருஷத்துல 50 பேர்தான் இருக்காங்க, மூன்றாம் வருஷத்துல 45, கடைசி வருஷத்துல 40. கூட்டினா 65, 50, 45, 40, மொத்தம் 200. ஜி.இ.ஆர். மறுபடியும் 33.3.

இரண்டாவதும் மூன்றாவதும் அறிக்கையில ஒரே எண்ணாத்தான் தெரியும். ஆனா ஒரு ஊர்ல சேர்ந்த எல்லாரும் முடிச்சிருக்காங்க. இன்னொரு ஊர்ல வருஷத்துக்கு 25 பேர் ஃபீஸும் கட்டி, வருஷத்தையும் இழந்து, டிகிரி இல்லாம வெளிய போயிருக்காங்க. சேர்க்கையைப் பற்றிப் பேசுறப்போ இந்த 25 பேர்தான் காணாமல் போயிடுறாங்க.

அதனாலதான் ஆராய்ச்சியாளர்கள் லெவலை விட்டுட்டு பைப்பைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. எந்த ஜாயின்ட்ல எவ்வளவு ஒழுகுது? நம்ம ஊர்ப் பைப்பை மூணு இடத்துல பிரிச்சுப் பார்க்கலாம்: கவுன்சலிங்குக்கு முன்னாடி, கவுன்சலிங்குக்கும் முதல் நாளுக்கும் நடுவுல, காலேஜ் உள்ள வந்த பிறகு.

முதல் ஜாயின்ட்: பள்ளிக்கூடத்துலயே

ராகேஷ் பசந்த், கீதாஞ்சலி சென் என்ற இரு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2010-ல எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஒரு கட்டுரை எழுதினாங்க. தேசிய மாதிரி ஆய்வோட டேட்டாவை வச்சு அவங்க கேட்ட கேள்வி: உயர்கல்வியில் பின்தங்கிய சமூகங்களுக்கு இருக்கிற இடைவெளியை எல்லா இளைஞர்களையும் வச்சு அளக்கணுமா, பன்னிரண்டாவது முடிச்சவங்களை மட்டும் வச்சு அளக்கணுமா? பன்னிரண்டாவது முடிச்சவங்களை மட்டும் எடுத்துக்கிட்டா இடைவெளி கணிசமா சுருங்குது. அதாவது, பெரிய தடை காலேஜ் வாசல்ல இல்ல, அதுக்கு முன்னாடியே இருக்கு. பள்ளிப் படிப்பை முடிக்கிறதே பலருக்குக் கடக்க முடியாத படியா இருக்கு. 2021-22-ல நாடு முழுக்க ஜி.இ.ஆர். 28.4 ஆக இருக்கும்போது பட்டியல் சாதியினருக்கு 25.9, பழங்குடியினருக்கு 21.2. இந்த வித்தியாசத்துல எவ்வளவு பள்ளியிலேயே உருவாகுது என்று கேட்கச் சொல்லுது அந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டுல பள்ளி முடிக்கிறவங்க அதிகம். ஆனா இங்க இன்னொரு கதவு இருக்கு: பதினொன்றாம் வகுப்பு குரூப். 15 வயசுல, சில சமயம் பள்ளியில எந்த குரூப் இருக்கோ அதை வச்சு, எடுக்கிற முடிவு அது. கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தாத்தான் பி.இ. கட்-ஆஃப் போட முடியும்: கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் 50, 50, ஆக 200. தொழிற்கல்விப் பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு, ஆனா சிறியது. காமர்ஸ் எடுத்த மாணவிக்கு பி.இ. கதவு பதினொன்றாம் வகுப்பு ஜூன் மாசத்துலயே மூடிடுது. அது அவங்களுக்கே பல நேரம் அப்புறம்தான் தெரியும்.

அமெரிக்காவில் கிளிஃபர்ட் அடெல்மன் 1999-ல வெளியிட்ட ஒரு ஆய்வும் இதையே வேற கோணத்துல சொல்லுது. ஒருத்தர் டிகிரி முடிப்பாரா என்பதைக் கணிக்க, குடும்ப வருமானத்தை விடவும், பள்ளியில் அவர் எவ்வளவு கனமான பாடங்கள், குறிப்பா எந்த லெவல் வரைக்கும் கணிதம் படிச்சார் என்பது அதிகமா உதவுச்சு. அந்தப் பாடத்தை அவங்க பள்ளியில நடத்தவே இல்லைன்னா? அப்ப அது மாணவரோட குறை இல்ல.

நம்ம மாநிலம் இந்த ஜாயின்ட்டை அடைக்க ரெண்டு பெரிய முயற்சி எடுத்தது. ஒண்ணு, நுழைவுத் தேர்வை எடுத்தது. கோச்சிங் கிடைக்கிற நகரத்துப் பிள்ளைகளுக்கே அது சாதகம் என்று வாதம் இருந்தது. அனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைச்சு, 2006-ல சட்டம் வந்து, 2007-08 சேர்க்கையில இருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்தான். நாம யாரும் டி.என்.பி.சி.இ.இ. எழுதல, அந்தப் பேரே நமக்குப் புதுசு. இருந்தும் அரசுப் பள்ளி மாணவர்கள் தொழிற்படிப்புகளில் எதிர்பார்த்த அளவுக்கு வரல. இதை ஆராய நீதியரசர் முருகேசன் குழு அமைக்கப்பட்டது. 2021-ல சட்டம் வந்தது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை இடம்.

இதுல ஒரு பாடம் இருக்கு. தேர்வு என்ற ஒரு கதவைத் திறந்தாலும், அதுக்கு முன்னாடி இருக்கிற கதவு மூடியே இருந்தா வரிசையில வந்து நிக்கிறவங்க அதே ஆட்கள்தான்.

இரண்டாவது ஜாயின்ட்: ரிசல்ட்டுக்கும் முதல் நாளுக்கும் நடுவுல

பன்னிரண்டாவது பாஸ், நல்ல மார்க், அலாட்மென்ட் கூட வந்தாச்சு. ஆனா காலேஜ் திறக்கிற அன்னைக்கு ஆள் இல்ல. இதுக்கு ஆராய்ச்சியில ஒரு பேரே வச்சிருக்காங்க: "சம்மர் மெல்ட்". கோடையில ஐஸ் கரையற மாதிரி மாணவர்கள் கரைஞ்சு போறாங்க. பென் காசில்மன், லிண்ட்சே பேஜ் என்ற இருவரும் அமெரிக்காவில் இதைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து, 2014-ல புத்தகமும் போட்டாங்க. காலேஜ் போறதுன்னு முடிவு பண்ணி இடமும் கிடைச்ச பள்ளி மாணவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்தக் கோடையிலேயே காணாமப் போறாங்க என்பது அவங்க கணக்கு. காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒரு படிவம், ஒரு கடைசித் தேதி, புரியாத ஒரு ஃபீஸ் நோட்டீஸ்.

நமக்கு இது புதுசா? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கு எத்தனை முறை நடந்திருப்போம்? சாய்ஸ் ஃபில்லிங்ல வரிசையை மாத்திப் போட்டு, வேண்டாத காலேஜ் வந்து, "அப்வர்டு" கொடுக்கணுமா வேண்டாமான்னு தெரியாம நின்னவங்க எத்தனை பேர்? அப்பா, அம்மா டிகிரி படிச்ச வீட்டுல இதெல்லாம் அரை நாள் வேலை. முதல் தலைமுறையில அதுவே ஒரு வருஷத்தை விழுங்கிடும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பரிசோதனை வருது. எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் லாங் உள்ளிட்ட நாலு ஆராய்ச்சியாளர்கள் 2012-ல வெளியிட்டது. அமெரிக்காவில் கல்வி உதவித்தொகைக்கு ஒரு நீளமான படிவம் இருக்கு. ஓஹாயோ, வட கரோலினா மாநிலங்களில், வருமான வரி கணக்கு போட்டுத் தர்ற கடைக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை ரேண்டமா பிரிச்சாங்க. சிலருக்கு அங்கேயே உட்கார வச்சு அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்ய உதவினாங்க. சிலருக்கு உதவித்தொகை பற்றிய தகவலை மட்டும் கொடுத்தாங்க. மீதிப் பேருக்கு எதுவும் செய்யல. படிவத்துக்கு உதவி கிடைச்ச வீட்டுப் பிள்ளைகளில் 36 சதவீதம் பேர் காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சாங்க. உதவி கிடைக்காதவங்கள்ல அது 28 சதவீதம். தகவல் மட்டும் கிடைச்சவங்ககிட்ட? எந்த மாற்றமும் இல்ல.

அதாவது, "இந்த வெப்சைட்டைப் பாருங்க தம்பி, எல்லாம் இருக்கு" என்று லிங்க் அனுப்பினா எதுவும் நடக்காது. பக்கத்துல உட்கார்ந்து பூர்த்தி செஞ்சு கொடுத்தா நடக்குது.

இன்னொன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட ஹெய்ல் உதவித்தொகை. சூசன் டைனார்ஸ்கியும் கூட்டாளிகளும் செஞ்சது. நல்லா படிக்கிற, வசதி குறைந்த மாணவர்களுக்கு "நீ இங்க சேர்ந்தா நாலு வருஷத்துக்கும் டியூஷன் ஃபீஸ் இல்ல" என்று விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு கடிதம் அனுப்பினாங்க. கவனிக்க வேண்டியது என்னன்னா, இவங்களில் பெரும்பாலோருக்கு விண்ணப்பிச்சிருந்தா எப்படியும் கிட்டத்தட்ட அதே சலுகை கிடைச்சிருக்கும். புதுசா பணம் ஒண்ணும் தரல, உறுதியை மட்டும் முன்கூட்டியே கொடுத்தாங்க. கடிதம் வந்தவங்கள்ல 68 சதவீதம் பேர் விண்ணப்பிச்சாங்க, வராதவங்கள்ல 26 சதவீதம். சேர்ந்தவங்க 27-க்கு 12.

7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்று 2021-ல அறிவிச்சதை இந்தக் கோணத்துல பாருங்க. ஒதுக்கீட்டை விட அந்தத் தெளிவான வாக்குறுதிக்கு வலிமை அதிகமா இருக்கலாம். "எவ்வளவு செலவாகும்னு தெரியல" என்கிற பயம்தான் பல வீட்டுல முதல் தடை. புதுமைப் பெண் திட்டம் 2022-லயும் தமிழ்ப் புதல்வன் 2024-லயும் வந்து மாசம் ஆயிரம் ரூபாய் கொடுக்குது. பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்டுல கேட்க வேண்டாம் என்பதே சிலருக்குப் பெரிய விஷயம். பன்னிரண்டாவது முடிச்சுட்டு எங்கயும் சேராதவங்களைப் பள்ளி டேட்டாவை வச்சுக் கண்டுபிடிச்சு, முகாம் நடத்தி அங்கேயே சேர்க்கைக்கு உதவுற "உயர்வுக்குப் படி" திட்டமும் இந்த சம்மர் மெல்ட்டுக்கான நம்ம ஊர் மருந்துதான்.

மூன்றாவது ஜாயின்ட்: உள்ள வந்த பிறகு

இதைத்தான் நாம கம்மியா பேசுறோம். சேர்த்தாச்சு, கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம்.

மாணவர்கள் ஏன் பாதியில விடுறாங்க என்பதுக்கு வின்சென்ட் டின்டோ 1975-ல ஒரு மாடல் கொடுத்தார். இன்னைக்கும் எல்லாரும் அதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஒருத்தர் தங்குறதுக்கு ரெண்டு ஒட்டுதல் வேணும்: படிப்போட ஒட்டுதல், மனுஷங்களோட ஒட்டுதல். மார்க் வருது, பாடம் புரியுது என்பது முதலாவது. நண்பர்கள், கிளப், பேசக்கூடிய ஒரு ஆசிரியர் என்பது இரண்டாவது. ரெண்டும் அறுந்தா ஆள் போயிடுவார்.

இதுக்கு ஒரு மறுப்பும் வந்தது. டின்டோவோட மாடல் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்களை வச்சுப் போட்டது. வீட்டுல இருந்து வந்து போறவங்க, வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்க கதை வேற என்று பீன், மெட்ஸ்னர் என்ற இருவரும் 1985-ல எழுதினாங்க. அவங்களுக்குக் காலேஜுக்கு வெளிய இருக்கிற விஷயங்கள்தான் தீர்மானிக்கும்: பணம், வீட்டுப் பொறுப்பு, வேலை நேரம். நம்ம டே ஸ்காலர்களை யோசிச்சுப் பாருங்க. காலேஜ் பஸ் சாயங்காலம் கிளம்பிடும். சிம்போசியம் மீட்டிங், கோடிங் கிளப், ப்ராஜெக்ட் டிஸ்கஷன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். யாரும் அவங்களை வெளிய தள்ளல. டைம்டேபிளே அந்த வேலையைச் செஞ்சுடுது.

லேட்டரல் என்ட்ரி இன்னொரு உதாரணம். டிப்ளமோ முடிச்சு நேரடியா இரண்டாம் வருஷம் வர்றது நல்ல பாதை. ஐ.டி.ஐ. முடிச்சவங்க பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்துல சேரலாம், பாலிடெக்னிக் முடிச்சவங்க பி.இ. இரண்டாம் வருஷத்துல சேரலாம். பத்தாவதோட நின்னிருக்கக்கூடிய ஒருத்தர் படிப்படியா பி.இ. வரைக்கும் வர ஒரு ஏணி அது. லேப்ல கை வைக்கிறதுல அவங்க நமக்கு ஒரு படி மேல. ஆனா அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல நாம முதல் வருஷத்துல மேட்ரிசஸ், கால்குலஸ், நியூமெரிக்கல் மெத்தட்ஸ் எல்லாம் பார்த்துட்டு வருவோம். அவங்களுக்கு பி.இ. ஆரம்பிக்கிறதே மூணாவது செமஸ்டர்ல, டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பேப்பரோட. போதாததுக்கு, ஃப்ரெண்ட்ஸ் கேங் எல்லாம் முதல் வருஷத்துலயே ஃபார்ம் ஆகியிருக்கும். டின்டோ சொன்ன ரெண்டு ஒட்டுதலும் ஒரே நேரத்துல அடி வாங்குது. பாதையை அரசு போட்டுடுச்சு, ஆனா ரெண்டு ரோடு சேர்ற இடத்துல பள்ளம் இருக்கு. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் பிரிட்ஜ் கிளாஸ் போதும்.

தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்களுக்கும் இதேதான். நான் இங்கிலீஷ் மீடியம். முதல் செமஸ்டர்ல "டெரிவேட்டிவ்" என்ற வார்த்தையைக் கேட்டப்போ எனக்கு அது பழைய வார்த்தை. பக்கத்துல இருந்தவருக்கு "வகைக்கெழு" நல்லாவே தெரியும், கணக்கும் என்னை விட நல்லா போடுவார். ஆனா ரெண்டும் ஒண்ணுதான்னு யாரும் சொல்லாத வரைக்கும் அந்த கிளாஸ் அவருக்கு இருட்டு. இது திறமைப் பிரச்சினை இல்ல, ஒரு பக்க அருஞ்சொல் பட்டியலோட முடிய வேண்டிய பிரச்சினை.

இந்த ஒழுகல் உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். நம்ம சிஸ்டத்துல ஃபெயில் ஆனாலும் அடுத்த செமஸ்டர் போகலாம், அரியர் கூடவே வரும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நாலு வருஷ பி.இ.யை முடிக்க அதிகபட்சம் 14 செமஸ்டர், அதாவது 7 வருஷம். லேட்டரல் என்ட்ரிக்கு 12. அதனால ஒருத்தர் படிப்பை "விட்டுட்டார்" என்று எந்த நாளையும் காட்டிச் சொல்ல முடியாது. வகுப்பு முடிஞ்சு போயிருப்பார். நாலு பேப்பர் மீதி இருக்கும். வேலைக்குப் போயிருப்பார். நவம்பர்ல எழுதலாம், ஏப்ரல்ல எழுதலாம்னு தள்ளிப் போகும். ட்ராப்-அவுட் பட்டியல்லயும் அவர் இல்ல, டிகிரி வாங்கினவங்க பட்டியல்லயும் இல்ல.

ஆளைத் தொடர்ந்து போகணும்

இதுக்கெல்லாம் பதில் வேணும்னா வருஷா வருஷம் தலை எண்ணினா போதாது. ஒரே ஆளைப் பல வருஷம் தொடர்ந்து பார்க்கணும். "யங் லைவ்ஸ்" என்ற ஆய்வு 2002-ல இருந்து எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா என்று நாலு நாடுகளில் 12,000 குழந்தைகளைத் தொடர்ந்து வருது. இந்தியாவில் ஆந்திரா, தெலங்கானா பகுதியில. அதுல இளைய குழுவினர் 2001-02-ல பிறந்தவங்க, அதாவது நமக்குச் சில வருஷம் சீனியர்ஸ். சின்ன வயசுல அவங்க சாப்பாடு எப்படி இருந்தது, எட்டு வயசுல வாசிக்கத் தெரிஞ்சதா, எப்ப கல்யாணம் ஆச்சு, எப்ப படிப்பு நின்னது என்று எல்லாத்தையும் ஒரே ஆளோட வாழ்க்கையில வச்சுப் பார்க்க முடியுது. அமெரிக்காவில் நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு 1993-ல இருந்து, ஒரு மாணவர் காலேஜ் மாறிப் போனாலும் அவரை விடாம பின்தொடர முடியுற மாதிரி டேட்டா வச்சிருக்கு.

நமக்கும் அதுக்கான கருவி கிட்டத்தட்ட வந்தாச்சு. பள்ளியில எமிஸ் நம்பர், காலேஜ்ல உமிஸ் நம்பர். ஸ்காலர்ஷிப்புக்காக அந்த நம்பரைத் தேடி அலைஞ்சது ஞாபகம் இருக்கும். ரெண்டையும் இணைச்சா, ஆறாம் வகுப்புல இருந்த ஒரு பேட்ச்ல எத்தனை பேர் டிகிரி வாங்கினாங்க என்று நிஜமாவே எண்ண முடியும். அதோட ஒரு கண்டிஷனும் இருக்கணும். தனி ஆளோட விவரம் வெளிய போகக்கூடாது, ஆனா கூட்டுத்தொகை எல்லாருக்கும் தெரியணும்.

உங்க காலேஜ் கணக்கை நீங்களே பாருங்க

அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில கலந்துக்கிற ஒவ்வொரு காலேஜும் தான் கொடுத்த டேட்டாவை பி.டி.எஃப்.ஆக வெப்சைட்ல போட்டிருக்கணும். முதல் பக்கத்துல ரேங்க் தேடாதீங்க. உள்ள ஒரு டேபிள் இருக்கும்: முதல் வருஷம் சேர்ந்தவங்க, லேட்டரல் என்ட்ரியில சேர்ந்தவங்க, குறித்த காலத்துக்குள் முடிச்சவங்க, வேலை கிடைச்சவங்க, சம்பளத்தோட மீடியன், மேற்படிப்புக்குப் போனவங்க.

முதல் ரெண்டையும் கூட்டுங்க. முடிச்சவங்களை அதால வகுங்க. உங்க காலேஜ்ல சேர்ந்த நூறு பேர்ல எத்தனை பேர் நேரத்துக்கு டிகிரி வாங்கினாங்க என்பது அதுதான். அப்புறம் வேலை கிடைச்சவங்களையும் அதே எண்ணால வகுத்துப் பாருங்க. பேனர்ல போடுற "95 சதவீத ப்ளேஸ்மென்ட்" பெரும்பாலும் "தகுதியானவர்கள்"ல 95 சதவீதம். தகுதின்னா அரியர் இல்லாம, ப்ளேஸ்மென்ட் செல்லுல பேர் கொடுத்தவங்க. ஜி.இ.ஆர். கதைதான் மறுபடியும்: கீழ இருக்கிற எண்ணை மாத்தினா மேல இருக்கிற பெருமை மாறிடும்.

இந்த டேபிளும் எல்லாத்தையும் சொல்லாது. முடிக்காதவங்கள்ல முதல் பட்டதாரிகள் எத்தனை, தமிழ் மீடியம் எத்தனை, டே ஸ்காலர் எத்தனை என்று அதுல இருக்காது. ஆனா டிபார்ட்மெண்ட்ல கேட்கலாம். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எந்த செமஸ்டர்ல, எந்தப் பேப்பர்ல அதிகம் பேர் சிக்குறாங்க என்று தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. எங்க ஒழுகுதுன்னு தெரியாத பைப்பை எவனும் சரி பண்ண முடியாது.

மாணவர்களா நாமும் செய்யக்கூடியது ரெண்டு இருக்கு. ஒண்ணு, கவுன்சலிங் நேரத்துல நம்ம பழைய பள்ளிக்கு ஒரு நாள் போய், பசங்க பக்கத்துல உட்கார்ந்து சாய்ஸ் ஃபில்லிங் முடிச்சுக் கொடுக்கிறது. லிங்க் ஃபார்வர்டு பண்றது கணக்குல வராது, அந்தப் பரிசோதனை அதைத்தான் காட்டுச்சு. ரெண்டு, செகண்ட் இயர் வர்ற லேட்டரல் என்ட்ரி ஜூனியர்ஸுக்கு மேத்ஸ் நோட்ஸையும், லன்ச்சுக்கு உட்கார ஒரு இடத்தையும் முதல் வாரத்துலயே கொடுக்கிறது.

மார்ட்டின் ட்ரோ என்ற சமூகவியலாளர் 1973-லயே ஒண்ணு சொன்னார். 15 சதவீதம் வரைக்கும் உயர்கல்வி ஒரு சலுகை. 15-ல இருந்து 50 வரைக்கும் அது ஓர் உரிமை. 50-ஐத் தாண்டினா அது கிட்டத்தட்ட ஒரு கட்டாயம் ஆயிடும், படிக்காதது ஒரு குறையாப் பார்க்கப்படும். தேசியக் கல்விக் கொள்கை 2035-க்குள்ள நாட்டுக்கு வச்சிருக்கிற இலக்கு 50. தமிழ்நாடு அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது. இங்க டிகிரி இல்லாம வெளிய வர்ற ஒருத்தருக்கு, 30 வருஷத்துக்கு முன்னாடி டிகிரி இல்லாதவருக்கு இருந்ததை விட அடி அதிகம். கல்யாணப் பேச்சுல இருந்து கம்பெனி கேட் வரைக்கும் கேட்பாங்க. அதனாலதான் சேர்க்கை ஏற ஏற, முடிக்காம போறவங்களை எண்ணுறது இன்னும் அவசியமாகுது.

அடுத்த முறை அட்டென்டன்ஸ் ஷீட் கைக்கு வந்தா ரோல் நம்பர்களை வரிசையாப் பாருங்க. நடுவுல சில நம்பர் இருக்காது. முதல் வருஷம் இருந்திருக்கும். அவங்க எங்க இருக்காங்கன்னு கிளாஸ்ல யாருக்காவது தெரியும். கேளுங்க. அரியர் எழுத இன்னும் டைம் இருக்குன்னா, அதையும் சொல்லுங்க.